ட்ரீம்காஸ்டைக் கொன்றது யார்? (சட்டென்று "பிஎஸ்2" என்று சொல்லிவிடாதீர்கள்)

பிக்சல்பாண்டி

செகாவின் கேம் கன்சோல் ட்ரீம்காஸ்ட் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் கதை ஒரே இடத்தில்தான் முடிகிறது. "அருமையான மெஷின், பாவம், சோனியின் பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) வந்து அமுக்கிவிட்டது." தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு இது ஒட்டவில்லை.

அமெரிக்காவில் ட்ரீம்காஸ்ட் வந்தது 1999 செப்டம்பர் 9. விலை 199 டாலர். முதல் 24 மணி நேரத்தில் இரண்டேகால் லட்சம் மெஷின் விற்றதாகவும், கேம்களையும் சேர்த்தால் 98 மில்லியன் டாலர் வசூல் என்றும் செகா அறிவித்தது. பிஎஸ்2 அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 2000 அக்டோபர் 26, விலை 299. நடுவில் ஒரு வருஷத்துக்கும் மேல் புதுத் தலைமுறை மெஷின் என்றால் செகா மட்டும்தான். விலையும் குறைவு, மோடமும் உள்ளேயே இருக்கிறது.

அப்புறம் 2001 ஜனவரி 31. தயாரிப்பை நிறுத்துகிறோம் என்று செகா அறிவிக்கிறது. எதிரி கடைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதுவும் அந்த மூன்று மாதமும் பிஎஸ்2 கையிருப்பு இல்லாமல் ஆட்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். திடமாக இருந்த கம்பெனி மூன்று மாதத்தில் இப்படி விழாது.

என் கட்சி இதுதான்: ட்ரீம்காஸ்டின் விதி 1994, 95லேயே எழுதியாகிவிட்டது. எழுதியதும் செகாதான். மறுப்பு இருந்தால் வாங்க.

---

நாலாம்தலைமுறை

மறுப்பு இருக்கிறது பாண்டி. பிஎஸ்2 கொல்வதற்குக் கடைக்கு வர வேண்டியதே இல்லை. சோனி அதை அறிவித்தது 1999 மார்ச்சில், அதாவது ட்ரீம்காஸ்ட் அமெரிக்காவில் இறங்குவதற்கு அரை வருஷம் முன்பே. அப்போதிருந்தே மக்கள் பர்ஸை மூடிவிட்டார்கள். வீட்டில் இருக்கிற பிஎஸ்1 டிஸ்கெல்லாம் அதிலேயே ஓடும், டிவிடி படமும் பார்க்கலாம் என்றால் யார் காத்திருக்க மாட்டார்கள்? ஜப்பானில் 2000 மார்ச் 4 அன்று 39,800 யென்னுக்கு வந்தது. அன்றைக்குத் தனி டிவிடி பிளேயரே அந்த அளவு காசு கேட்டது. அப்பா அம்மாவிடம் "படம் பார்க்கத்தான்" என்று சொல்லி வாங்க வைக்க முடிந்த முதல் கேம் மெஷின் அது!

ட்ரீம்காஸ்டின் ஜிடி-ராம் டிஸ்கில் சுமார் ஒரு ஜிபிதான் கொள்ளும். டிவிடி கிடையாது. இதை 1995 தலையில் கட்ட முடியாது.

---

பிக்சல்பாண்டி

காத்திருந்தார்கள், சரி. ஆனால் ஏன் காத்திருந்தார்கள் என்பதுதான் என் கேள்வி. 1991ல் சூப்பர் நிண்டெண்டோ வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அப்போது அதே அமெரிக்கக் குழந்தைகள் காத்திருக்கவில்லையே, ஓடிப்போய் செகாவின் ஜெனிசிஸ் (மற்ற ஊர்களில் அதன் பெயர் மெகா டிரைவ்) வாங்கினார்கள். எட்டு வருஷத்தில் என்ன மாறியது?

---

சாலிடர்காரன்

நடுவில் நுழைகிறேன். அரசியல் எனக்கு வேண்டாம், மெஷினைத் திறந்து பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்.

ட்ரீம்காஸ்டுக்கு முந்தைய செகா கன்சோலான சாட்டர்னின் பலகையை ஒருமுறை பார்த்தால் செகா ஏன் நஷ்டப்பட்டது என்று புரிந்துவிடும். அத்தனை சிப். ஹிட்டாச்சி எஸ்ஹெச்-2 ப்ராசஸர் இரண்டு, ஒவ்வொன்றும் 28.6 மெகாஹெர்ட்ஸ். படம் வரைய விடிபி1, பின்னணி போட விடிபி2, ஒலிக்குத் தனியாக ஒரு மோட்டரோலா 68000 (மெகா டிரைவின் மூளையாக இருந்த அதே ரகம்!), சிடிக்குத் தனியாக இன்னொரு ப்ராசஸர். இரண்டு எஸ்ஹெச்-2வும் ஒரே நினைவகப் பாதையில் வந்து நிற்கும். ஒன்று வேலை செய்யும்போது மற்றது காத்திருக்க வேண்டும். இரண்டையும் முட்டிக்கொள்ளாமல் ஓட்டுவதற்குத் தேர்ந்த புரோகிராமர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் செகாவுக்கு உள்ளேயே சிலர்தான்.

இன்னொன்று, உலகம் முழுக்க முப்பரிமாணத்துக்கு முக்கோணங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது சாட்டர்ன் நாற்கரங்களை வைத்து வரைந்தது. மற்ற மெஷினுக்குச் செய்த கேமைக் கொண்டுவந்து இதில் போட்டால் பாதி வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

பிளேஸ்டேஷனில் ஒரே ஒரு ஆர்3000 ப்ராசஸர், அதற்குள்ளேயே முப்பரிமாணக் கணக்குப் போட ஒரு பகுதி. அவ்வளவுதான். கூடவே சோனி 1993லேயே சிக்னாசிஸ் என்கிற இங்கிலாந்துக் கம்பெனியை வாங்கியிருந்தது. அவர்கள் வழியாகச் சாதாரண பிசியில் செருகி வேலை செய்கிற டெவலப்மென்ட் கிட் வந்தது. கேம் செய்கிறவன் இரண்டையும் பார்த்தால் எதைத் தொடுவான்?

சோனி சிப்பும் தானே செய்கிறது, சிடி டிரைவும் தானே செய்கிறது. ஆகவே விலையைக் குறைத்துக்கொண்டே போக முடிந்தது. வெளியே வாங்கிச் சேர்க்கிற செகாவும் கூடவே குறைக்க வேண்டியிருந்தது, குறைத்த ஒவ்வொரு டாலரும் சொந்தக் கையிலிருந்து.

இதையும் சொல்லிவிடுகிறேன், பிளேஸ்டேஷன் கட்டுமானம் ஒன்றும் தங்கம் இல்லை. முதல் மாடல்களில் லேசர் நகரும் வண்டியே பிளாஸ்டிக். பக்கத்திலேயே பவர் சப்ளை, அந்தச் சூட்டில் தண்டவாளம் தேய்ந்து லேசர் ஒரு பக்கம் சாயும். முதலில் வீடியோக் காட்சி திக்கும், பிறகு டிஸ்கே படிக்காது. அதற்கு ஊரறிந்த வைத்தியம் மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்து ஓட்டுவது. பக்கவாட்டில் நிறுத்தியும் ஓட்டுவார்கள். 10 கோடிக்கு மேல் விற்ற மெஷின்!

---

மெமரிகார்டு_முத்து

கவிழ்த்து வைத்து, அதற்குக் கீழே இரண்டு பக்கமும் புத்தகம் முட்டுக் கொடுத்து ஆடிய தலைமுறை இங்கே ஆஜர் 🙋

---

பிக்சல்பாண்டி

சாலிடர் அண்ணே, நீங்கள் அரசியல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் வாதத்துக்குத்தான் அஸ்திவாரம் போட்டிருக்கிறீர்கள். இப்போது 1995 மே 11க்கு வருகிறேன். லாஸ் ஏஞ்சலஸ், முதல் இ3 கண்காட்சி.

அதற்கு முன்பு செகா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தது: சாட்டர்ன் அமெரிக்காவில் செப்டம்பர் 2, சனிக்கிழமை வெளியாகும். கடைகள் அதற்கேற்ப இடம் ஒதுக்கின. கேம் கம்பெனிகள் அந்தத் தேதியை வைத்து வேலை பார்த்தன. ஜப்பானில் இருந்த தலைமைக்கு மட்டும் பொறுக்கவில்லை. சோனிக்கு முன்னால் இறங்கியாக வேண்டும் என்று செகாவின் தலைவர் நகாயாமா ஹயாவோ பிடிவாதமாக இருந்தார். அமெரிக்கப் பிரிவின் தலைவர் டாம் காலின்ஸ்கி வேண்டாம் என்றார், எடுபடவில்லை.

ஆகவே மேடையில் காலின்ஸ்கி ஏறி, சாட்டர்ன் 399 டாலர், இன்றைக்கே கடையில் இருக்கிறது என்றார். கைதட்டல் வாங்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் அனுப்பி வைத்திருந்தது முப்பதாயிரம் மெஷின்தான், அதுவும் நாலு சங்கிலிக் கடைகளுக்கு மட்டும். வால்மார்ட், பெஸ்ட் பை எல்லாம் வெளியே. கேபி டாய்ஸ் என்ற பொம்மைக்கடைச் சங்கிலிக்கு வந்த கோபத்தில் செகா சரக்கையே இனி வைப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டது. வெளியார் கேம்கள் செப்டம்பருக்குத்தான் தயாராகிக்கொண்டிருந்தன, அதனால் வாங்கியவனுக்கு ஆட செகாவே வெளியிட்ட ஒரு கைப்பிடி கேம் மட்டும். கோடை முழுக்க அலமாரி காலி.

அதே கண்காட்சியில் சோனியின் முறை வந்தது. அமெரிக்கப் பிரிவின் ஸ்டீவ் ரேஸ் மேடைக்கு வந்தார். "299" என்றார். இறங்கிப் போய்விட்டார். கண்காட்சி வரலாற்றில் இதைவிடச் சின்னப் பேச்சு கிடையாது.

எல்லோரும் இந்த நூறு டாலரைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது கடைக்காரன் முகம். உன் பேச்சை நம்பி இடம் ஒதுக்கினவனை, எதிர்க்கடையில் உன் மெஷின் விற்கிறது என்று செய்தியில் பார்க்க வைத்தால் அவன் அடுத்த மெஷினுக்கு எந்த அலமாரியைக் கொடுப்பான்? கேம் செய்கிறவனுக்கும் அதே கதி. இதெல்லாம் விற்பனைப் பட்டியலில் வராத கடன். வட்டியோடு வசூலானது ட்ரீம்காஸ்ட் காலத்தில்.

---

டொரோண்டோ_அண்ணை

தம்பி பாண்டி, மேயில தொடங்காதேயுங்கோ, அதுக்கு முந்தின நவம்பரில் இருந்து தொடங்குங்கோ.

1994 நவம்பரில் செகா 32எக்ஸ் எண்ட ஒண்டை இங்க வட அமெரிக்காவில இறக்கினது. ஜெனிசிசின் தலையில குத்தி வைக்கிற காளான் மாதிரி ஒரு சாமான், 159 டாலர், அதுக்கெண்டு தனியா ஒரு பவர் அடாப்டர். அதுக்கும் முந்தி சிடி டிரைவ் ஒண்டு இருந்தது, அதுக்கும் தனி அடாப்டர். மூண்டையும் பூட்டினால் சுவரில மூண்டு பிளக். இதில பகிடி என்னெண்டால், 32எக்ஸ் இங்க வெளிவந்த அதே மாதம் 22ஆம் திகதி ஜப்பானில சாட்டர்ன் வெளிவந்திட்டுது. நாளைக்குப் பழசாகப் போற சாமானை இண்டைக்குப் புதுசெண்டு வித்தவை. ஒரு வருசம் சொச்சத்தில அதுக்குக் கேம் வாறதே நிண்டு போச்சு.

வாங்கின பிள்ளையள் மறக்கிறேல்லை. காசு குடுத்த தகப்பன்மார் அதைவிட மறக்கிறேல்லை.

---

கானாஞ்சி

எல்லோரும் அமெரிக்காவையே பேசுகிறீர்கள். ஜப்பானில் கதை தலைகீழ். மெகா டிரைவ் அங்கே மூன்றாம் இடத்தில் கிடந்தது, சூப்பர் ஃபாமிகாமுக்கும் (சூப்பர் நிண்டெண்டோவின் ஜப்பான் பெயர்) என்இசியின் பிசி எஞ்சினுக்கும் பின்னால். சாட்டர்ன்தான் செகா அங்கே உருப்படியாக விற்ற கன்சோல், நிண்டெண்டோ 64க்கே சவால் விட்டது. காரணம் விர்ச்சுவா ஃபைட்டர் என்கிற சண்டை கேம். காசு போட்டு ஆடுகிற ஆர்கேட் கடைகளில் பையன்கள் அதற்குப் பைத்தியமாக இருந்தார்கள், அதை வீட்டில் ஆட வேண்டும் என்றால் சாட்டர்ன்.

ஆகவே டோக்கியோவில் உட்கார்ந்து பார்த்த நகாயாமாவுக்கு சாட்டர்ன் தோற்கிற மெஷினாகத் தெரியவே இல்லை. ஜெனிசிஸ் அமெரிக்காவில் இன்னும் நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே அதை ஓரம் கட்டிவிட்டு எல்லா பலத்தையும் சாட்டர்னில் போடு என்று சொன்னது அதனால்தான். இரண்டு ஊரில் இரண்டு உண்மை. இரண்டு அலுவலகமும் ஒன்றையொன்று நம்பவில்லை.

விளம்பரத்தைப் பாருங்கள். 1997ல் செகாட்டா சான்ஷிரோ என்று ஒரு ஜூடோ வீரர், நடிகர் ஃபுஜியோகா ஹிரோஷி. சாட்டர்ன் ஆடாதவர்களைத் தூக்கி அடிப்பார், அடிபட்டவன் வெடிப்பான். ஊரே சிரித்தது. அடுத்த வருஷம் ட்ரீம்காஸ்டுக்கு எடுத்த விளம்பரம் அதைவிட விசித்திரம். செகாவின் நிஜ இயக்குநர்களில் ஒருவரான யுகாவா ஹிடெகாசு தெருவில் போகிறார். இரண்டு சிறுவர்கள் "செகா போர், பிளேஸ்டேஷன்தான் ஜாலி" என்று பேசிக்கொள்வதைக் கேட்டு மனமுடைந்து போகிறார். ஒரு கம்பெனி தன் புது மெஷினைத் தன் பழைய அவமானத்தைச் சொல்லி விற்ற கதையை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. பாண்டி சொல்கிற கடனை அவர்களே படம் பிடித்து டிவியில் போட்டிருக்கிறார்கள்!

யுகாவா நாடு முழுக்கப் பிரபலமானார். வெளியான 1998 நவம்பர் 27க்கோ போதுமான மெஷின் இல்லை. என்இசி செய்ய வேண்டிய கிராஃபிக்ஸ் சிப் போதுமான அளவு தேறவில்லை.

---

சிம்லிம்_சுற்றுபவன்

ஒருவரும் திருட்டு டிஸ்க் பற்றிப் பேசக் காணோம்? ட்ரீம்காஸ்டில் மோட் சிப்கூட (பூட்டை ஏமாற்ற உள்ளே ஒட்டுகிற சிப்) வேண்டாம். எம்ஐஎல்-சிடி என்று பாட்டு சிடிகளுக்காக செகாவே விட்டு வைத்த ஓட்டை வழியாக, வீட்டில் எரித்த சிடியை அப்படியே போட்டு ஆடலாம். சிங்கப்பூர்ப் பக்கம் அதற்குக் கடையும் குறைவில்லை. இதனால் செத்தது என்றுதான் அன்றைக்கே பேச்சு.

---

நாலாம்தலைமுறை

இதில் நான் பாண்டி பக்கம். அந்த ஓட்டை வெளியே வந்தது 2000 நடுவில். ஏழெட்டு மாதத்தில் கடையை மூடிவிட்டார்கள். அதற்கு வெகு முன்பிருந்தே செகா வருஷாவருஷம் நஷ்டக் கணக்கு காட்டிக்கொண்டிருந்தது. திருட்டு டிஸ்க் கன்சோலைக் கொல்லும் என்றால் முதலில் செத்திருக்க வேண்டியது பிளேஸ்டேஷன். நம் ஊரில் மோட் சிப் போடாத பிஎஸ்1-ஐ எத்தனை பேர் கண்ணால் பார்த்திருப்பார்கள்?

சாட்டர்னின் பூட்டை முழுசாக உடைத்ததாகச் செய்தி வந்ததே 2016ல்தான். பூட்டு பத்திரமாக இருந்தது, சரக்குதான் போகவில்லை 😅

---

மெமரிகார்டு_முத்து

நம் ஊர் என்றதும் ஒன்று. 1995ல் மெகா டிரைவ் 2-ஐ இந்தியாவில் விற்றது ஷா வாலஸ் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஆமாம், மதுபானம் விற்ற அதே ஷா வாலஸ். இறக்குமதி வரியைச் சமாளிக்க அப்படி ஒரு ஏற்பாடு. ஆனாலும் விலை ஆயிரக்கணக்கில், எங்கள் தெருவில் ஒருவரும் வாங்கவில்லை. அதே நேரம் நிண்டெண்டோவின் பழைய ஃபாமிகாம் மெஷினின் நகல்கள் மலிவாக வந்து குவிந்துவிட்டன. செகாவும் நிண்டெண்டோவும் மோதிக்கொண்ட போர் நமக்கு வந்து சேரவே இல்லை.

சரி, இழைக்கு வெளியே போய்விட்டேன்.

---

டொரோண்டோ_அண்ணை

வெளியில போகேல்லை, நல்லாத்தான் இருக்கு.

பாண்டியிட்ட எனக்கு ஒரு கேள்வி. கடைக்காரன், கேம் செய்யிறவன் நம்பிக்கை போனால் கம்பெனி போகும் எண்டுறீர். அப்ப நிண்டெண்டோ? அவை செய்யாத அட்டகாசமா? என்இஎஸ் (ஃபாமிகாமுக்கு அமெரிக்காவில வச்ச பேர்) காலத்தில, வெளிக் கம்பெனியள் வருசத்துக்கு அஞ்சு கேமுக்கு மேல விடக்கூடாது எண்டு சட்டம் வச்சவை. கார்ட்ரிட்ஜை நிண்டெண்டோ தான் செய்து தரும், காசை முன்னுக்கே கட்டோணும். 1991ல சிகாகோ கண்காட்சியில நிண்டெண்டோவோட சேர்ந்து சிடி மெஷின் எண்டு சோனி அறிவிச்ச அடுத்த நாளே, நாங்கள் பிலிப்ஸோட போறம் எண்டு சபையில வச்சு அவமானப்படுத்தினவை. சோனி எஞ்சினியர் குடராகி கெனுக்கு வந்த வீம்புதான் பிளேஸ்டேஷன். அப்பிடியான நிண்டெண்டோ சாகேல்லையே?

---

பிக்சல்பாண்டி

அண்ணை, இதுதான் இந்த இழையிலேயே கனமான கேள்வி. நானும் யோசித்திருக்கிறேன்.

நிண்டெண்டோவும் அதற்கான விலையைக் கொடுத்தது. நிண்டெண்டோ 64 வந்தபோதும் கார்ட்ரிட்ஜை விடமாட்டேன் என்றது. கார்ட்ரிட்ஜில் கடைசிவரை 64 எம்பிதான் உச்சம், சிடியில் 650. சிடி தீர்ந்தால் சில நாளில் மறுபடி அச்சடித்துக் கடைக்கு அனுப்பலாம். கார்ட்ரிட்ஜ் என்றால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், விற்காமல் போனால் முழுக் காசும் முடங்கும். ஸ்கொயர் என்கிற கேம் கம்பெனி அதனால்தான் கிளம்பிப் போனது. 1997 ஜனவரி 31, ஃபைனல் ஃபேண்டசி 7, மூன்று டிஸ்க், பிளேஸ்டேஷன். ஜப்பானில் போட்டி அன்றைக்கே முடிந்தது. நிண்டெண்டோ 64 உலகம் முழுக்க 3 கோடியே 29 லட்சம் விற்றது, பிளேஸ்டேஷன் அதைப் போல மூன்று மடங்கு.

ஆனால் நிண்டெண்டோவுக்கு இரண்டு காப்பு இருந்தன. ஒன்று கையடக்க மெஷின் கேம் பாய். 1996ல் போகிமான் வந்தபின் அது காசு கொட்டுகிற மெஷின் ஆகிவிட்டது, பெரிய கன்சோல் சறுக்கினாலும் வீடு நடந்தது. இரண்டாவது, நிண்டெண்டோ வெளியாட்களிடம் கறாராக இருந்ததே தவிர, வாங்கிய குழந்தையை ஏமாற்றவில்லை. நிண்டெண்டோ 64 வாங்கியவனுக்கு முதல் நாளே மரியோ கிடைத்தது. கேம் குறைவு, ஆனால் வந்தது வந்த இடத்தில் நின்றது.

சாட்டர்ன் வாங்கியவனுக்கு சோனிக்கின் புது முதன்மை கேம் வந்ததா? சோனிக் எக்ஸ்ட்ரீம் என்று வருஷக்கணக்கில் இழுத்து, கடைசியில் கைவிட்டுவிட்டார்கள். செகாவின் முகமே சோனிக், அந்த முகத்துக்கு ஒரு முதன்மை கேம் இல்லாமல் ஒரு தலைமுறையையே ஓட்டினார்கள். போதாக்குறைக்கு 1997ல் அமெரிக்கப் பிரிவின் நிர்வாகி பெர்னி ஸ்டோலர், சாட்டர்ன் நம் எதிர்காலம் இல்லை என்று பகிரங்கமாகவே சொல்லிவிட்டார். மெஷின் அப்போது கடையில் விற்பனையில் இருக்கிறது! நேற்று வாங்கினவன் என்ன நினைப்பான்?

---

நாலாம்தலைமுறை

சரி, இதையும் கணக்கில் எடு. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் (ஈஏ) என்கிற கேம் கம்பெனி. 1990ல் ஜெனிசிசின் உள்கட்டமைப்பைத் தாங்களே பிரித்துப் படித்து, உரிமமே இல்லாமல் கேம் விடுவோம் என்று செகாவை மிரட்டி, சலுகை விலையில் ஒப்பந்தம் வாங்கியவர்கள். அவர்களுடைய மாடன் என்கிற அமெரிக்க ஃபுட்பால் கேம்தான் அமெரிக்க வீடுகளில் ஜெனிசிசைக் கொண்டுபோய் வைத்தது. அதே கம்பெனி ட்ரீம்காஸ்டுக்கு ஒரே ஒரு கேம்கூட விடவில்லை. செகா தானே விஷுவல் கான்செப்ட்ஸ் என்கிற கம்பெனியை வாங்கி விளையாட்டு கேம் செய்தது, நன்றாகவும் இருந்தது, ஆனால் மாடன் என்கிற பெயருக்கு ஈடில்லை. இதற்கு ஸ்டோலர் சொன்ன காரணம், ட்ரீம்காஸ்டில் விளையாட்டு கேம் எங்களுடையது மட்டும்தான் இருக்க வேண்டும் என்று ஈஏ கேட்டது, நாங்கள் மறுத்தோம் என்பது. இது நம்பிக்கை விவகாரம் இல்லை, பேர விவகாரம். காசு பலம் இருந்திருந்தால் பேரமும் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

காசுதான் மூலம் என்பதற்கு இன்னொரு சாட்சி ஓகாவா இசாவோ. செகாவின் தலைவர், சொந்தப் பணத்தை செகாவுக்குக் கடனாகக் கொடுத்தவர். கடைசியில் அந்தக் கடனையும் தள்ளுபடி செய்து, தன்னிடமிருந்த பங்குகளையும் சேர்த்து கிட்டத்தட்ட 695 மில்லியன் டாலர் மதிப்புள்ள சொத்தை கம்பெனிக்கே விட்டுவிட்டு 2001 மார்ச்சில் இறந்துபோனார். அந்தப் பணம் இல்லையென்றால் இன்றைக்குச் செகா என்ற பெயரே இருந்திருக்குமோ என்னவோ. ஒரு தனி மனிதர் கையை விட்டுப் பணம் போட்டு நடத்துகிற கம்பெனி, டிவி, வாக்மேன், சினிமா, இசை எல்லாம் விற்கிற சோனியோடு எத்தனை நாள் மோதும்?

---

பிக்சல்பாண்டி

ஓகாவா விஷயத்தில் பேச்சே இல்லை. ஆனால் அந்தக் கஜானா காலியானது எப்படி? 32எக்ஸ், சாட்டர்ன், சாட்டர்னுக்குப் போட்ட விலைக் குறைப்பு. நீ சொல்வதும் நான் சொல்வதும் ஒரே சாலையின் இரண்டு முனை. ஆனால் பிஎஸ்2 மட்டும் ஒரு வருஷம் தள்ளி வந்திருந்தால் ட்ரீம்காஸ்ட் பிழைத்திருக்கும் என்று நீ சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

---

நாலாம்தலைமுறை

நான் சொல்வேன் 😄 ஃபான்டசி ஸ்டார் ஆன்லைன் வந்தது 2000 டிசம்பரில். கன்சோலில் உலகம் முழுக்க இணையத்தில் சேர்ந்து ஆடுகிற கேம். இன்னும் ஒரு வருஷம் கிடைத்திருந்தால் அதுவே மெஷினை விற்றிருக்கும்.

---

சாலிடர்காரன்

டெலிபோன் பில்லை யார் கட்டுவது? 56கே மோடம் தம்பி அது.

---

புதுவரவு_2024

அண்ணன்மார்களுக்கு வணக்கம். இவ்வளவும் படித்துவிட்டு ஆசை வந்து, பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் ஒரு ட்ரீம்காஸ்ட் பேசி வைத்திருக்கிறேன். ஆடும்போது பாதியில் தானாகவே ரீசெட் ஆகி மெனுவுக்குப் போய்விடுகிறது என்கிறார், அதனால் விலை குறைத்துத் தருகிறாராம். வாங்கலாமா?

---

சாலிடர்காரன்

வாங்கு. பத்தில் ஒன்பது அந்த நோய்தான். உள்ளே பவர் சப்ளை தனிப் பலகை, கீழே மெயின் பலகையிலிருந்து நிற்கிற ஆறு ஊசிகள் மேல் அது செருகி இருக்கும். ஊசியில் கறுப்புப் படிந்தால் மின்சாரம் ஒரு நொடி தடுமாறும், மெஷின் ரீசெட் ஆகும். பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, அடியில் உள்ள திருகுகளைக் கழற்று. ஒன்று மோடத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், மோடத்தை முதலில் உருவிவிடு. பவர் பலகையை நேராக மேலே தூக்கு, சாய்க்காதே. ஊசிகளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, ஒவ்வொன்றையும் இடுக்கியால் ஒரு மயிரிழை மட்டும் வளைத்து மறுபடி செருகு. பிடிப்பு இறுகிவிடும்.

பவர் பலகையின் மேல்பக்கம் கெப்பாசிட்டர் இருக்கிறது, அதில் கை வைக்காதே. வாங்குவதற்கு முன்னால் டிரைவ் டிஸ்க் படிக்கிறதா என்று மட்டும் அவரிடமே போட்டுப் பார்த்துவிடு. லேசர் போயிருந்தால் அந்த விலைக்கு வேண்டாம்.